ஏரோது ராஜாவின் தாடி

தோட்டத்து லய வீடுகளில் பிறந்து, காலைப் பெரட்டு மணிச் சத்தத்தில் கண் விழித்து வளர்ந்தவர்களுக்குத்தான் இதைச் சொல்கிறேன். மற்றவர்களிடம் சொன்னால் சிரித்துவிட்டு, "பாவம், அந்தம்மா நல்லதுக்குத்தானே செஞ்சாங்க" என்பார்கள். அப்படிச் சொன்னவர்கள் உண்டு. அவர்களோடு அதற்குப் பிறகு நான் ஒரே பாயில் உட்கார்ந்து சாப்பிட்டதில்லை.

நான் மூன்றாம் வகுப்பைத் தாண்டவில்லை. குருபோங்கில் மரம் வெட்டியிருக்கிறேன். தஞ்சோங் கிளிங்கில் மீன் காயப் போட்டிருக்கிறேன். மலாக்கா டவுனில் யார் யார் வீட்டிலோ துணி துவைத்திருக்கிறேன். ஓர் இடத்தில் காலூன்றி நின்றது குறைவு. போன இடமெல்லாம் டிசம்பர் பிறந்தால் யாராவது ஒரு வெள்ளைக்காரி பிள்ளைகளை வரிசையாக நிறுத்தி மிட்டாய் கொடுத்துக்கொண்டிருப்பாள். பிள்ளைகள் வாயெல்லாம் பல்லாக நிற்கும். நான் அவளைப் பார்க்கமாட்டேன். அவளுக்குப் பக்கத்தில், அவள் காதில் ஓதிக்கொண்டு நிற்கிற நம் ஆள் யார் என்றுதான் பார்ப்பேன்.

அது ரப்பர் விலை விழுந்து கிடந்த காலம். எனக்குப் பத்து வயது நிறையவில்லை. மலாக்காவுக்குப் பக்கத்தில் செங் என்ற ஊரைத் தாண்டி, மாட்டு வண்டி போகிற செம்மண் ரோட்டில் உள்ளே போனால் எங்கள் தோட்டம். மாதம் தவறாமல் சில குடும்பங்களின் பெயரை வெட்டிக் கப்பலேற்றி ஊருக்கு அனுப்பிக்கொண்டிருந்தார்கள். யார் பெயர் நிற்கும், யார் பெயர் போகும் என்பது துரையின் கையில் என்று பெரியவர்கள் சொன்னார்கள். துரைக்கு எங்கள் முகமே தெரியாது. ஆபீசில் கணக்கு எழுதுகிற கிராணியின் வாயிலிருந்து போவதுதான் துரையின் காதில் விழும்.

அப்பா காய்ச்சல்காரர். ஒரு வாரம் புல் வெட்டினால் மறு வாரம் சாக்கைப் போர்த்திக்கொண்டு நடுங்குவார். அம்மாதான் ரப்பர் மரத்தில் பால் வெட்டினாள். இருட்டோடு காட்டுக்குப் போனால் பாலை நிறுத்துக் கொடுத்துவிட்டு உச்சி வெயிலில் திரும்புவாள். அதுவரை தம்பி என் இடுப்பில்.

எனக்கும் தம்பிக்கும் நடுவில் பிறந்த இரண்டும் தவழுவதற்கு முன்பே போய்விட்டன. தம்பி வயிற்றில் இருந்தபோது அம்மா செங் பக்கத்து மலைச் சாமிக்கு நேர்ந்துகொண்டாள். பிள்ளை தங்கினால், பிறந்த முடியைக் கத்தி படாமல் வளர்த்து, ஐந்து வயதில் மாசி மகத்தன்று மலையில் இறக்குகிறேன் என்று. அதனால் அந்த முடி எங்களுடையது இல்லை. சாமியுடையதை நாங்கள் தலையில் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தோம், அவ்வளவுதான். தம்பி தங்கிவிட்டான். முடி தோளுக்குக் கீழே சடை சடையாக இறங்கியது. அம்மா விளக்கெண்ணெய் வைப்பாள், சீப்பு போடமாட்டாள். உச்சிக் கொத்தில் மஞ்சள் துணிக் கிழிசல் ஒன்றை முடிந்து வைத்திருந்தாள். அதைப் பார்த்தால் லயத்தில் எவரும் தெரியாமல்கூட அந்தத் தலையைத் தொடமாட்டார்கள். பேன் இருந்தது. இல்லை என்று நான் சொல்லவில்லை.

அந்த மாசியில்தான் முடி இறக்க வேண்டும். அம்மா வண்டிக்குக்கூடச் சொல்லி வைத்துவிட்டாள்.

இப்போது கிராணி. அவனுக்கு மரியாதை வைத்துச் சொல்ல எனக்கு நாக்கு வராது. வெள்ளைச் சட்டை, வெள்ளைக் கால்சட்டை, முழங்கால் வரை காலுறை. மூக்குக்குக் கீழே ஒரு மீசை. அதற்கு மெழுகு போட்டு இரண்டு பக்கமும் மேலே முறுக்கி விட்டிருப்பான். பெரட்டில் பேர் கூப்பிடும்போது பேருக்குப் பேர் அதை ஒரு தரம் தடவுவான். எங்கள் மீது அவனுக்கு ஒரு காய்ச்சல் இருந்தது. அவன் வீட்டில் பிள்ளை தூக்கவும் பாத்திரம் தேய்க்கவும் என்னைக் கேட்டான். அம்மா, "புள்ள ஸ்கூலுக்குப் போவுதுங்க ஐயா" என்று சொல்லிவிட்டாள். ஸ்கூல் என்றது ஆயாக்கொட்டகையின் பாதி. தட்டி வைத்து மறைத்திருப்பார்கள். அந்தப் பக்கம் தொட்டில் ஆடும், இந்தப் பக்கம் நாங்கள் அ, ஆ சொல்வோம். அதற்காக ஒரு தோட்டக்காரி தன்னிடம் இல்லை என்று சொன்னாளே என்பதை அவன் மறக்கவில்லை.

மழை விட்டும் விடாமலும் இருந்த ஒரு நாளில் பாதிரியம்மா வந்தாள். டவுனிலிருந்து காரில் வந்து, கார் சேற்றில் மாட்டி, கடைசியில் எங்கள் தோட்டத்து மாட்டு வண்டியில் ஏறி வந்து இறங்கினாள். கூடவே ஒரு தகரப் பெட்டி, மடித்து வைக்கிற ஆர்மோனியம், தஞ்சோங் கிளிங் கடற்கரையில் வெட்டிய சவுக்கு மரம் ஒன்று. அவள் புருஷன் பாதிரி ஐயா டவுனில் இருந்தார். இவள் மட்டும் துரை பங்களாவில் தங்கி எங்களுக்குக் கிறிஸ்மஸ் காட்டப் போகிறாள் என்றார்கள். எங்களில் கிறிஸ்தவர்கள் யாரும் இல்லை. அவளுக்கு அது பெரிய விஷயமாக இல்லை. தன் நாட்டில் பிள்ளைகள் எல்லாம் அன்றைக்குச் சந்தோஷமாக இருப்பார்கள், நீங்களும் இருக்க வேண்டும் என்றாள்.

சவுக்கு மரத்தை ஆயாக்கொட்டகை நடுவில் மண்ணெண்ணெய் டின்னில் நட்டாள். அதில் கண்ணாடிக் குண்டுகளைத் தொங்கவிட்டாள். சிவப்பு, நீலம், வெள்ளி. ஒன்றின் முன்னால் போய் நின்றால் நம் மூக்கு மட்டும் பெரிதாகத் தெரியும். நாங்கள் நாள் முழுக்க எங்கள் மூக்கைப் பார்த்துக்கொண்டிருந்தோம். மரத்தில் உப்புக் காற்று வாசம் இருந்தது. கடல் பத்து கட்டை தூரத்துக்குள்தான், ஆனால் எங்களில் பாதிப் பேர் அதைப் பார்த்ததில்லை.

அவள் தமிழ் பேசுவாள். புத்தகத்தில் படித்த தமிழ். அவள் பேசுவது எங்களுக்குப் பாதி விளங்கும், நாங்கள் பேசுவது அவளுக்குக் கொஞ்சமும் விளங்காது. அதனால்தான் கிராணி நாள் முழுக்கப் பக்கத்தில் நின்றான். பாதிரி ஐயா சொன்னால் டவுனில் அவனுக்கு நல்ல உத்தியோகம் கிடைக்கும் என்று தோட்டத்தில் பேச்சு.

"பிள்ளைகளே, கரங்களைக் கழுவினீர்களா?" என்பாள்.

"கரம்னா என்னாடி?" என்று பக்கத்து வீட்டுப் பையன் என்னை இடிப்பான்.

"கைதான்டா."

"கைன்னு சொன்னா என்னாவாம்?"

"அவங்க கை வெள்ளையா இருக்குல்ல. அதான் பேரு வேற."

சாயங்காலம் லயத்துக்குப் பின்னால் நாங்கள் பாதிரியம்மா விளையாட்டு விளையாடினோம். ஒருத்தி குடையைப் பிடித்துக்கொண்டு, "பிள்ளைகளே, மூக்குகளைச் சிந்தினீர்களா?" என்பாள். மற்றவர்கள் எல்லாம் ஒரே நேரத்தில் சிந்திக் காட்டுவோம். அந்த ஒரு வாரம், முடிக்கு முந்திய வாரம், நன்றாகத்தான் இருந்தது.

பிறகு அவள் குளிப்பாட்டத் தொடங்கினாள். கிறிஸ்மஸ் நாடகம் போட வேண்டும், அதற்குப் பிள்ளைகள் சுத்தமாக இருக்க வேண்டும் என்று தண்ணீர்க் குழாயடியில் எல்லோரையும் நிறுத்தி, பச்சை சோப்பு போட்டுத் தேய்த்தாள். கண் எரிந்தது. அவளிடம் கொக்கு மாதிரி செய்த ஒரு கத்தரி இருந்தது. அலகு திறந்தால் வெட்டும். பேன் அதிகம் இருந்த பிள்ளைகளுக்கு அதை வைத்து முடியைக் குறைத்தாள். அழுத பிள்ளைக்கு ஓர் இனிப்பு. தம்பியைக் கண்டதும் அவளுக்கு மிகவும் பிடித்துவிட்டது. கன்னத்தைத் தொட்டாள். அவன்தான் தேவதூதன் என்றாள். அவள் வைத்திருந்த படத்தில் தேவதூதனுக்குச் சின்னச் சுருட்டை முடி.

தம்பி என் இடுப்பில் இருந்தான். அவள் அவன் முடியைக் கையில் எடுத்துப் பார்த்தாள். மஞ்சள் துணியையும் பார்த்தாள். கிராணியிடம் திரும்பி, "இதன் தாய் சம்மதிப்பாளா? கேட்டுச் சொல்லும்" என்றாள். அது எனக்கு விளங்கியது. அந்த ஒரு நேர்மையை அவளிடமிருந்து நான் பிடுங்கமாட்டேன். கேட்டாள். தாயிடம் கேட்கவில்லை, அவனிடம் கேட்டாள். தன் பாஷை தெரிந்தவன் எங்களுக்கும் சேர்த்துப் பேசுவான் என்று நினைத்தாள். அந்தக் காலத்தில் வந்தவர்கள் எல்லோரும் அப்படித்தான் நினைத்தார்கள் என்று இப்போது தெரிகிறது. தெரிந்து என்ன செய்வது?

கிராணி மஞ்சள் துணியைப் பார்த்தான். அவனும் தமிழன்தான். அவன் அம்மாவும் ஒரு கோயிலில் அவனை மொட்டை போட்டு உட்கார வைத்திருப்பாள். மீசையை ஒரு தரம் தடவிக்கொண்டு இங்கிலீஷில் நீளமாக ஏதோ சொன்னான். அவள் சந்தோஷமாகத் தலையாட்டினாள்.

"வேணாங்க ஐயா, சாமி முடிங்க" என்றேன்.

கிராணி குனிந்து, அவளுக்குக் கேட்காமல் என்னிடம் சொன்னான். "உங்கம்மா ரொம்பப் பெரிய மனுசி ஆச்சே. சாமியே வந்து கேக்கட்டும், போ."

என்னை ஒதுக்கிவிட்டுத் தம்பியைத் தூக்கி முக்காலியில் உட்கார வைத்தான். கொக்கு வாயைத் திறந்து திறந்து மூடியது. தம்பி அழவில்லை. இனிப்பு வாயில் இருந்தது. அவள் முடியைக் கீழே விடாமல் ஒரு துணியில் சேர்த்துக்கொண்டாள்.

அம்மா மதியம் வந்தாள். கையில் வாளி, தோளில் அதைத் தொங்கவிடுகிற காண்டாக் கம்பு. வாசலில் சோப்பு வாசத்தோடு உட்கார்ந்திருந்த பிள்ளையைப் பார்த்தாள். வாளியை வைத்துவிட்டு உட்கார்ந்து, அவன் தலை முழுக்க விரலால் தடவிப் பார்த்தாள். எங்காவது காயம் பட்டிருக்கிறதா என்று பார்ப்பது போல, காது மடலுக்குப் பின்னால்கூட.

"முடி எங்க?"

"அந்தம்மா துணியில கட்டி வச்சிருக்குமா."

அம்மா அப்படியே எழுந்து ஆபீசுக்குப் போனாள். நானும் போனேன். பாதிரியம்மா அங்கே இல்லை. கிராணி நாற்காலியில் இருந்தான்.

"ஐயா, வெட்டுனது வெட்டுனதாவே இருக்கட்டுங்க. முடியக் குடுத்திடுங்க. மாசில கொண்டுபோய்ப் போட்டுர்றேன். இல்லன்னா புள்ளய..." அதற்கு மேல் அம்மா சொல்லவில்லை. சொன்னால் நடந்துவிடும் என்று பயம்.

"பேன் முடிய எவ வச்சிருப்பா? எரிச்சாச்சு. போ, போய் மரத்துல ஒட்டுப்பாலப் பொறுக்கு."

வீட்டுக்கு வந்து அம்மா அடுப்பு மூட்டவில்லை. பக்கத்து வீட்டு அத்தை வந்து கேட்டுவிட்டு, வெற்றிலையை மென்றுகொண்டே யோசித்தாள். "அத்தன முடிய எரிச்சா நாலு லயத்துக்கு நாறும். எனக்கு ஒண்ணும் நாறலயே. உனக்கு நாறுச்சா?"

"இல்ல."

"அப்ப அவன் வாய்தான் நாறுது."

சாக்குக்குள்ளிருந்து அப்பா, "விட்டுத் தொலைங்க. அவன்கிட்ட மோதுனா அடுத்த கப்பல்ல நாமதான்" என்றார். அவர் சொன்னது உண்மை. அன்று ராத்திரி தம்பிக்கு உடம்பு லேசாகச் சுட்டது. மழையில் குழாயடியில் நின்ற பிள்ளைக்குச் சுடாதா? ஆனால் அம்மா விடியும் வரை அவன் நெற்றியிலிருந்து கையை எடுக்கவில்லை.

நாடகத்துக்கு ஒத்திகை தொடங்கியது. இயேசு பிறந்த கதை. ஆடு மேய்ப்பவர்கள், கீழ்த்திசை ராஜாக்கள், பிள்ளைகளைக் கொல்லச் சொல்கிற ஏரோது ராஜா. பெரியவன் ஒருவன் வேண்டும் என்று அவள் கேட்டதும் கிராணி தானே முன்வந்தான். ஏரோதுக்கு உட்கார நாற்காலி உண்டு. துரை பங்களாவின் பெரிய பிரம்பு நாற்காலியைத் தருவதாகத் துரைசாணி சொல்லியிருந்தாள். துரைக்கு எதிரே, துரையின் நாற்காலியில் உட்காரலாம். அந்த ஆசையில் அவன் வசனத்தை நடந்துகொண்டே மனப்பாடம் செய்தான்.

நான் நிதானமான கைக்காரி என்று பாதிரியம்மா எனக்கு மூன்று ராஜாக்களுக்கும் ஏரோதுக்கும் தாடி ஒட்டுகிற வேலை கொடுத்தாள். மூன்று தாடிகள் பஞ்சு. நாலாவதைத் தகரப் பெட்டியின் பூட்டைத் திறந்து அவளே எடுத்தாள். ஆஸ்பத்திரித் துணியில் கறுப்பு முடியை வரிசை வரிசையாகத் தைத்திருந்தாள். மேலுதட்டுக்கும் சேர்த்து, வாய்க்கு மட்டும் ஓட்டை விட்டு. நல்ல வேலைப்பாடு. விளக்கெண்ணெய் வாசம் இன்னும் போகவில்லை. திருப்பிப் பார்த்தேன். உள்பக்கம், தையலுக்கு அடியில், மஞ்சள் நூல் ஒன்று.

"அழகாயிருக்கிறதா?" என்றாள் அவள். "உன் தம்பியின் ரோமம்தான். உன் தாய் மகிழ்ச்சியாகக் கொடுத்தாளாம்."

கிராணி அங்கேதான் நின்றான். என்னைப் பார்த்துச் சிரித்தான்.

அரிசி மாவைக் காய்ச்சிய பசை. அதில்தான் ஒட்ட வேண்டும். மார்கழி ஈரத்தில் அது ஒட்டவில்லை. ஏரோது, "பிடியுங்கள் அந்தப் பிள்ளையை" என்று கையை ஓங்கியபோது தாடி கழன்று மடியில் விழுந்தது. பிள்ளைகள் உருண்டு சிரித்தார்கள். பாதிரியம்மாவும் வாயைப் பொத்திக்கொண்டாள். அவன் என் காதைப் பிடித்துத் திருகினான்.

"நல்லா ஒட்டுடி. துரை முன்னாடி கழண்டு விழுந்துச்சு, உன் தோல உரிச்சிடுவேன். கழட்டவே முடியாத மாதிரி ஒட்டு, வெளங்குதா?"

"வெளங்குதுங்க ஐயா" என்றேன்.

அம்மாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். தாடி, நூல், அவன் சொன்னது. அம்மா சோற்றைப் பிசைந்துகொண்டே கேட்டாள். ராத்திரியோடு ராத்திரியாகப் பெட்டியை உடைத்து எடுத்து வந்துவிடலாம் என்றேன்.

"திருடணுமா? நம்ம முடிய நாம எதுக்குத் திருடணும்?" என்றாள். "போட்டுக்கட்டும். எல்லாரும் வந்து குந்தட்டும். நான் வந்து எடுத்துக்கறேன்."

பிறகு நான் கேட்டது ஒரு சிரட்டை பால். அம்மா சோற்றுக் கையைக் கழுவினாள். அப்பா தூங்குகிறாரா என்று திரும்பிப் பார்த்தாள்.

"காலையில எடுத்த பால் வேணாம், அதுக்குள்ள கெட்டியாயிடும். நான் பால் எடுத்துட்டு வந்த பொறவு மரத்துல கொஞ்சம் சொட்டிக்கிட்டு இருக்கும், அத எடு. மண்ணு, பட்டை விழாமப் பாத்துக்க. விழுந்தா ஒட்டாது."

உங்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. பால் முடியில் பட்டால் என்ன ஆகும் என்று லயத்துப் பிள்ளைகளுக்குத் தெரியும். முடியை வெட்டித்தான் எடுக்க வேண்டும். மேசையில் உட்கார்ந்து பால் நிறுக்கிறவனுக்கு அது தெரியாது. அவன் மேல் ஒரு சொட்டு விழுந்ததில்லை.

கிறிஸ்மஸுக்கு அவள் டவுன் வேதக்கோயிலில் இருக்க வேண்டும் என்பதால் நாடகம் அதற்கு முன்பே நடந்தது. ரப்பர் பாலை உறைய வைக்கிற ஸ்டோருக்கு முன்னால் பலகை போட்டு, சாக்குத் திரை கட்டி, சவுக்கு மரத்தை ஓரத்தில் வைத்தார்கள். வெயில் சாய்ந்த நேரம். முன்னால் துரை, துரைசாணி. பின்னால் மண்ணில் எங்கள் சனம் எல்லாம். திரைக்குப் பின்னால் நான் சிரட்டையும் தூரிகையுமாக நின்றேன். மாவுப் பசையும் வெள்ளை, பாலும் வெள்ளை. வாசம் வருமே என்று நினைப்பீர்கள். ஸ்டோர் வாசலில் பால் வாசத்தைப் பிரித்து அறிகிற மூக்கு எந்தத் தோட்டத்தில் இருந்தது?

கன்னத்தில் பூசினேன். மோவாயில் பூசினேன். மீசைக்கு இரண்டு பூச்சு. மெழுகு போட்டு முறுக்கியிருந்ததை நானே விரலால் கீழே படிய வைத்து, அதன் மேல் சாமி முடியை அழுத்தினேன். அவன் கண்ணாடியில் பார்த்துக்கொண்டு திருப்தியாக இருந்தான். மேய்ப்பர்கள் பாடி முடிப்பதற்குள் முகத்தைச் சுளித்தான்.

"என்னாடி, இழுக்குது?"

"நல்லா ஒட்டச் சொன்னீங்களே ஐயா."

தம்பி வெள்ளைக் கவுனில், அட்டை இறக்கையோடு நின்று, சொல்ல வேண்டியதை மறந்துவிட்டு, "அம்மா அங்க இருக்கு" என்றான். எல்லோரும் சிரித்தார்கள். பிறகு ஏரோது வந்து நாற்காலியில் உட்கார்ந்தான். சும்மா சொல்லக்கூடாது, நன்றாகத்தான் செய்தான். கையை ஓங்கி, "இரண்டு வயதுக்கு உட்பட்ட பிள்ளைகளை எல்லாம் கொல்லுங்கள். ஒன்றையும் விடாதீர்கள்" என்று கத்தினான்.

அம்மா எழுந்தாள்.

மண்ணில் உட்கார்ந்திருந்த சனத்துக்கு நடுவே வழி விட்டார்கள். வேலைச் சேலையிலேயே வந்திருந்தாள். பலகையில் ஏறி அவன் முன்னால் நின்றாள்.

"எம்புள்ள முடியக் குடு."

அவன் உதடு அசையாமல் சொன்னான். "எறங்கிப் போடி. துரை இருக்காரு."

"இருக்கட்டும். குடு."

அவன் துரையைப் பார்த்து இளித்தான். அம்மா இரண்டு கையாலும் தாடியைப் பிடித்து இழுத்தாள். அது வரவில்லை. கன்னம் வந்தது. ஆட்டு மடி மாதிரி நீண்டது. அவன் போட்ட சத்தத்தில் ஸ்டோர் கூரையிலிருந்து புறாக்கள் எழுந்தன. துரை தொடையைத் தட்டிச் சிரித்தார். நாடகத்தில் இப்படி ஒரு இடம் இருக்கிறது என்று நினைத்துவிட்டார். பாதிரியம்மா எங்களுக்கு முதுகு காட்டி ஆர்மோனியம் வாசித்துக்கொண்டிருந்தாள். சிரிப்புச் சத்தம் கேட்டு இன்னும் வேகமாக வாசித்தாள்.

அம்மா ஒரு காலை நாற்காலியில் ஊன்றி இன்னொரு தரம் இழுத்தாள். ஒரு பக்கம் பிய்ந்து வந்தது. அடுத்த இழுப்பில் மேலுதடு. அவன் நாற்காலியோடு சாய்ந்தான். எழுந்தபோது ஒரு பக்கத்து மீசை இல்லை. அந்த இடம் சிவந்து, பொடிப் பொடியாக ரத்தம் துளிர்த்திருந்தது. இன்னொரு பக்கம் மட்டும் பாலில் நனைந்து தொங்கியது.

எங்கள் சனம் முதலில் சிரித்தது. பிறகு அம்மாவின் முகத்தைப் பார்த்து அடங்கியது. ஆர்மோனியம் நின்றது.

பாதிரியம்மா ஓடி வந்தாள். "அம்மா, இது என்ன?" என்றாள். அம்மா தாடியைத் திருப்பி மஞ்சள் நூலைக் காட்டினாள். "சாமி" என்றாள். மலை இருந்த பக்கம் கை காட்டினாள். பிறகு தம்பியின் தலையைக் காட்டினாள். பிறகு தன் வயிற்றைத் தொட்டு, இரண்டு விரலை நீட்டி, அதை மண்ணைப் பார்த்துக் கவிழ்த்தாள். வேறு பேச்சு தேவைப்படவில்லை. பாதிரியம்மாவின் முகம் சுண்டிவிட்டது. அவள் கிராணியைப் பார்த்து, எங்கள் எல்லோருக்கும் கேட்கிற மாதிரி, அந்தப் புத்தகத் தமிழில் கேட்டாள்.

"இந்தத் தாயிடம் கேட்டேன் என்று சொன்னீரே. கேட்டீரா?"

அவன் வாயைப் பொத்திக்கொண்டு துரையிடம் இங்கிலீஷில் ஏதோ சொன்னான்.

பின்னாலிருந்து பக்கத்து வீட்டு அத்தை, "நம்ம பாஷையில சொல்லுங்க ஐயா, நாங்களும் கேக்கறோம்" என்றாள். யாரோ, "மீச போனா பேச்சும் போயிடுமா லா?" என்றான். அவன் நம் பாஷையில் ஒன்றும் சொல்லவில்லை. பிரம்பு நாற்காலியை நிமிர்த்தி வைத்துவிட்டு ஸ்டோருக்குள் போய்விட்டான்.

பாதிரியம்மா மரத்தடியிலிருந்து கேக் தட்டை எடுத்து வந்து அம்மாவிடம் நீட்டினாள். "மன்னியும்" என்றாள். அம்மாவின் இரண்டு கையிலும் முடி இருந்தது. ஒரு கையைக்கூட எடுக்கவில்லை. தம்பியை இறக்கையோடு நான் தூக்கிக்கொண்டேன். நடந்து வீட்டுக்கு வந்தோம். அவள் மறுநாள் போய்விட்டாள். அழுதாள் என்று துரை பங்களாவில் வேலை செய்த பெண் சொன்னாள். அழட்டும் என்றுதான் அன்று நினைத்தேன். இன்றைக்கும் அந்த எண்ணத்தை மாற்றிக்கொள்ள எனக்குக் காரணம் கிடைக்கவில்லை. தாய் பால்காட்டில் இருந்தாள். நடந்து வந்தால் சுருட்டு ஒன்று அணைவதற்குள் வந்து சேருகிற தூரம். வந்து கேட்டிருக்கலாம்.

கிராணி வாயைச் சுற்றித் துணி கட்டிக்கொண்டு பெரட்டுக்கு வந்தான். பல்வலி என்றான். மரங்களுக்குப் பின்னாலிருந்து பிள்ளைகள், "ஏரோது, ஏரோது" என்று கூப்பிட்டுவிட்டு ஓடினார்கள். அடுத்து பேர் வெட்டியபோது எங்கள் பேர் முதலில் இருந்தது. அப்பா சட்டி பானையைக் கட்டினார். கப்பலுக்குப் போகாமல் குருபோங்குக்கு நடந்தோம். அங்கே அம்மாவின் தூரத்துச் சொந்தம் ஒருவர் ஆள்களை வேலை வாங்குகிற மண்டோராக இருந்தார். அரை வயிற்றுக்கு வேலை கிடைத்தது. அன்றிலிருந்து நடந்துகொண்டேதான் இருந்திருக்கிறேன்.

மாசி மகத்துக்கு மலைக்குப் போனோம். வண்டியில் இல்லை, நடந்து. காவடி, மேளம், சூடத்துப் புகை. மரத்தடியில் நாவிதர்கள் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். தம்பிக்கு அதற்குள் வளர்ந்திருந்த கொஞ்ச முடியை வழித்தார்கள். அம்மா மடியிலிருந்து பொட்டலத்தைப் பிரித்தாள். நாவிதர் அதைத் தூக்கிப் பிடித்தார்.

"என்னாம்மா இது? முடியா, ஷீட்டா? ரப்பரா ஒட்டிக்கிட்டு கெடக்கு."

"பொறந்த முடிங்க. சாமிக்கு நேந்தது."

அவர் வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தார். "இதுல மொரட்டு முடி இருக்கே. மெழுகு வேற. அஞ்சு வயசுப் புள்ளைக்கு ஏதும்மா மீச?"

"அதுவும் சாமிக்குத்தான். சேத்துப் போடுங்க."

நாவிதர் குவிந்து கிடந்த முடியோடு அதையும் போட்டார்.

இறங்கி வரும்போது, சாமியிடம் என்ன வேண்டிக்கொண்டாய் என்று கேட்டேன்.

"புள்ள நல்லா இருக்கணும்னு" என்றாள். கொஞ்ச தூரம் நடந்த பிறகு, "அவனுக்கு அது மொளைக்கக் கூடாதுன்னும்" என்றாள்.

தம்பி நன்றாக வளர்ந்தான். ஜப்பான்காரன் காலத்தில் சயாமுக்கு ரயில் ரோடு போடப் பிடித்துக்கொண்டு போனார்கள். திரும்பவில்லை. அம்மா அதற்காகச் சாமியை ஒரு வார்த்தை திட்டவில்லை. ஜப்பான்காரனைத் திட்டினாள்.

சண்டை முடிந்த பிறகு, டவுனில் பஸ்ஸுக்கு நின்றபோது கிராணியைப் பார்த்தேன். கிழவனாகிவிட்டான். துணிப்பையோடு ஒரு கடை நிழலில் நின்றான். மேலுதட்டில் ஒரு பக்கம் நரைத்த முடி லேசாகத் தெரிந்தது. மறு பக்கம் வழவழவென்று, குழந்தை உதடு மாதிரி இருந்தது. என்னை அவனுக்கு அடையாளம் தெரியவில்லை. நான் ஏற வேண்டிய பஸ் வந்தது. அதை விட்டுவிட்டேன். அவன் பஸ் வந்து, அவன் ஏறிப் போகும் வரைக்கும் அந்த வழவழப்பைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.